திங்கட்கிழமை முடிவெட்டு

"என் தெருவுல இருக்கிற யாரோ ஒருத்தர்தான் போலீசைக் கூப்பிட்டிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும்."

டாக்டர் கிளிஃப்டன் மேஹியூ உட்காராமலே இதைச் சொன்னார். கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கத்தில், ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த லூஷியஸ் டாலிவரின் அலுவலகத்துக்குள் அவ்வளவு விலையுள்ள கோட்டு அதற்கு முன் நுழைந்ததில்லை. டாக்டர் இதய அறுவை நிபுணர். லிண்டன் ஹில்லில் அவர் இருக்கும் தெருவில் வீடு வாங்கிய முதல் கறுப்பர். டாலிவரோ இருபத்தாறு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்களைத் துருவி எடுத்தவர், இப்போது தனியாகத் துப்பறிகிறவர், எதற்கும் பதறமாட்டார். பதறுகிற வேலையை அவருடைய உதவியாளர் வெர்னா பிக்கெட் பார்த்துக்கொண்டார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய அந்த அம்மாளின் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை பகல் இரண்டரை மணிக்கு டாக்டரின் அண்ணன் ராஸ்கோ சாவி போட்டுப் பின்கதவைத் திறந்து வீட்டுக்குள் போனார். வயது அறுபத்தெட்டு. இரும்பு வார்க்கும் ஆலையில் இரட்டை ஷிப்ட் பார்த்துத் தம்பியை மருத்துவம் படிக்க வைத்தவர். ஆறு வருடமாகத் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். பத்து நிமிடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, அவரைத் தரையில் கவிழ்த்து விலங்கு மாட்டினார்கள். தோள் எலும்பு முறிந்தது. அவர் அந்த வீட்டுக்காரர்தான் என்று தெரிந்த பிறகும், போலீசை எதிர்த்தார் என்ற வழக்கை விடவில்லை. விசாரணை நாளைக்கு. நிரூபணமானால் சிறை.

"நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? அவங்க தலைவரோட மாமனாருக்கே நெஞ்சைத் தொறந்து தைச்சவன் நான்!"

"தைக்கும்போது முகமூடி போட்டிருந்திருப்பீங்க டாக்டரய்யா. கையுறையும்தான்," என்றார் வெர்னா.

டாலிவர் போலீஸ் அறிக்கையின் இரண்டு வரிகளை இரண்டு தடவை படித்தார். 'முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்ததாகச் சொன்னார், முடி வெட்டியிருக்கவில்லை.' 'இங்கே வசிப்பவரானால் வீட்டில் உங்கள் படம் ஒன்றைக் காட்டுங்கள் என்றோம். சுவரைப் பார்த்தார். பிறகு எதற்கும் பதில் சொல்ல மறுத்தார்.' இந்தப் பொய்யும் இந்த மௌனமும் சேர்ந்துதான் பலப்பிரயோகத்துக்குக் காரணமாம். அழைப்பின் பதிவில் ஓர் ஆண்குரல், 'லிண்ட்குவிஸ்ட் வீட்டுக்குள்ள ஒரு கறுப்பன் நுழையுறான்' என்றிருந்தது.

"லிண்ட்குவிஸ்ட் யாரு?"

"என்கூட வேலை பாக்குற டாக்டர். வெள்ளைக்காரர். எப்பவாவது வீட்டுக்கு வருவார். கூப்பிட்டவன் குழம்பியிருப்பான்." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

வெர்னாவின் காரில் போனார்கள். அது வழியெல்லாம் இருமியது. "சலூன் வச்சிருக்கிற என் மச்சான்தான் கடை லீவு நாள்ல இதைச் சரிபண்ணித் தருவான். இந்தத் திங்கட்கிழமை ஏமாத்திட்டான்," என்று அவர் அலுத்துக்கொண்டார். லிண்டன் ஹில்லில் இறங்கியதும் எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்து, பின்னால் ஒரு பெண்முகம் தெரிந்தது. "பாத்தீங்களா அண்ணே! அந்தம்மாதான்!"

"குரல் ஆம்பளைக் குரல், வெர்னா."

கூடத்துச் சுவரில் பதினொரு குடும்பப் படங்கள் மாட்டியிருந்தன. நடுவில், தேவாலயத் தொப்பியோடு டாக்டரின் அம்மா. எட்டு படங்களில் ராஸ்கோ இருந்தார். டாலிவர் முகங்களை விட்டுவிட்டு விளிம்புகளைப் பார்த்தார். சுவரில் ஒட்டிய வண்ணத்தாள் வெயிலில் மங்கியிருந்தது. படம் மறைத்த இடம் மட்டும் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். அம்மாவின் சின்னப் படத்தைச் சுற்றி ஒரு பெரிய மங்காத சதுரம். கல்யாணப் படத்தைத் தூக்கிப் பார்த்தால், பின்னாலும் மங்கிய தாள்.

ராஸ்கோ சமையலறையில் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். "நடந்தது நடந்துபோச்சு. தம்பி பேரை இதுல இழுக்காதீங்க," என்றார். தம்பி பேரை அதுவரை யாரும் இழுத்திருக்கவில்லை.

டாலிவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

"முடிவெட்டுலேருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம ஆளுங்க நடத்துற சலூன் எதுவும் திங்கட்கிழமை திறக்காது. குழந்தைக்கும் தெரியும். ராஸ்கோ பொய் சொல்றவரா இருந்தா இப்படிப் பிடிபடுற பொய்யைச் சொல்லமாட்டார். அப்போ அவரை யாரோ அனுப்பியிருக்காங்க. நம்ம சலூன் நாற்காலியில உக்காந்து பல வருஷமானவங்க, லீவு நாள்கூட மறந்துபோனவங்க."

டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்து, இந்தத் தெருவுல இது மேஹியூ வீடுன்னு தெரியாதவங்க கிடையாது. ஒரே ஒரு கறுப்புக் குடும்பம், எப்படிக் குழம்பும்? லிண்ட்குவிஸ்ட் வீடுன்னு சொல்றவன் வெளியாளு. லிண்ட்குவிஸ்ட்தான் வீட்டுக்காரர்னு அன்னிக்கு யாரோ அவனை நம்பவெச்சிருக்காங்க. மூணாவது, இந்தச் சுவர். எட்டுப் படத்துல தன் முகம் இருக்கும்போது, படத்தைக் காட்டுன்னா ஒருத்தர் ஏன் வாயடைச்சு நிக்கணும்? அன்னிக்குப் படம் இங்க இல்ல. அவசரமாக் கழட்டி, அவசரமா மாட்டினதுல இடம் மாறிப்போச்சு. வீட்டுக்கு விலை போட ஆள் வந்தானா, டாக்டர்?"



"மருத்துவமனை ஒண்ணு கட்ட இந்த வீட்டு மேல பேங்க்ல கடன் கேட்டிருந்தேன்," என்றார் டாக்டர். "மொதல்ல வந்தவன் எங்க படங்களைப் பாத்தான். பக்கத்து வீட்டைவிட மூணுல ஒரு பங்கு கொறச்சுப் போட்டான். ஒரே அளவு வீடு! அதனால ரெண்டாவது ஆள் வரும்போது எல்லாத்தையும் எடுத்துட்டேன். நம்ம முடிக்குன்னு வாங்குற சீப்பு, எண்ணெய் வரைக்கும். லிண்ட்குவிஸ்ட் வந்து வீட்டுக்காரரா நின்னார். அண்ணனை மட்டும்..." அவர் ராஸ்கோவின் பக்கம் திரும்பினார். "அண்ணனை முடிவெட்டிக்கோன்னு சொல்லி அனுப்பினேன்."

"லிண்ட்குவிஸ்ட் போனதும் அந்த ஆள் கொல்லைப்புறத்தைப் படம்பிடிக்கத் திரும்பி வந்திருப்பான். சாவி போட்டுத் திறந்த மனுஷன் அவன் கண்ணுக்குத் திருடனாத் தெரிஞ்சிருக்கான்."

"திட்டுங்க என்னை. காறித் துப்புங்க."

டாலிவர் தொப்பியைக் கையில் உருட்டினார். "எனக்கு அந்த அருகதை இல்ல. வேலைக்கு எழுதிப் போடும்போது, கறுப்புப் பொண்ணுன்னு தெரியாம இருக்க என் மகளை அவ பேரைச் சுருக்கி எழுதச் சொன்னவன் நான். வேலை கிடைச்சுது. இன்னிக்கு வரைக்கும் அவ என்னை நேரா பாத்துப் பேசுறதில்ல. ஆனா ஒண்ணு. சுவர்ல அன்னிக்கு என்ன இருந்துச்சு, அண்ணனை எங்க அனுப்பினீங்கன்னு நாளைக்கு கோர்ட்டுல நீங்களே சொன்னா, உங்கண்ணன் பொய்யும் சொல்லல, பதில் சொல்லவும் மறுக்கலன்னு ஆயிடும். வழக்கு நிக்காது. உங்க பேரு போகும், கடனும் போகும்."

"வேணாம்டா தம்பி," என்றார் ராஸ்கோ. "எனக்கு வயசாச்சு. உள்ள கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"சொல்றேண்ணே. நானே சொல்றேன்."

ராஸ்கோ பெருமூச்சு விட்டார். "கடை மூடியிருக்கும்னு எனக்குத் தெரியும்டா. ஆனா நீ அக்கறையாச் சொன்னே. ஆசையா இருந்துச்சு. பூட்டின கடை வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேன். குளிர் தாங்கல, வந்துட்டேன். படத்தைக் காட்டுன்னு அவன் கேட்டதும் தைரியமாத் திரும்பினேன். அம்மா இருக்கிற இடத்துல ஒரு மஞ்சமுடி வெள்ளைக்காரக் குடும்பம் நாயோட நின்னு சிரிச்சிட்டிருக்கு."

"கடையில ஃபிரேமோட வர்ற படம்ணே. மாதிரிக்கு வச்சிருப்பாங்களே, அது," என்றார் டாக்டர், கேட்காத கேள்விக்கு.

"நான்தான் வீடு மாறி வந்துட்டேனோன்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. புரிஞ்சதும் என்னத்தைச் சொல்றது? உன்னைக் காட்டிக்குடுக்கவா?" அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "அம்மாவை எங்கடா வச்சிருந்தே?"

"கார் டிக்கியில."



ராஸ்கோ எழுந்து சுவரருகே போனார். இடம் மாறித் தொங்கிய அம்மாவின் படத்தை ஒற்றைக் கையால் கழற்றினார். படம் சாய்ந்தது. டாக்டர் ஓடிப்போய்ப் பிடிக்கக் கை நீட்டினார்.

"விடு," என்றார் ராஸ்கோ. "அது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."