வெறும் வயிற்றில் விருந்து

பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடிய தாரகை கோலை நெருங்கி மட்டையை ஓங்கிய நேரத்தில், அவளுடைய அம்மா பொன்செல்வி மைதானத்துக்குள் புகுந்து குறுக்கே நின்றாள்.

"வாயைத் திற."

"எம்மா! ஆட்டம் நடக்கு!"

"ஆட்டம் கிடக்கட்டும். நூத்திருபதுக்கு வந்துட்டு. இந்தா, குளுக்கோஸ்."

எதிரணிப் பிள்ளைகள் மட்டையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஏலகிரி மலை முகாமில் இது அன்றாடக் காட்சி. அங்கே வந்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் வகை நீரிழிவு. இன்சுலின் சுரக்க வேண்டிய கணையம் அந்த வேலையைக் கைவிட்டுவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் மேற்கையிலும் பொட்டு அளவில் ஒரு காவல்வில்லை ஒட்டியிருக்கும். அது உடம்பில் சர்க்கரையை ஓயாமல் அளந்து பெற்றோரின் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். எழுபதுக்கு இறங்கினால் அடிக்கும்படி மணி வைத்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பொன்செல்வி நூற்றிருபதில் வைத்திருந்தாள்.

"டாக்டர் சொன்னாலும் எனக்குப் பயமா இருக்குல்லா?" என்பாள். அதற்கு மேல் பேச இடமில்லை.

தாரகை சும்மா இருக்கும் பிள்ளை இல்லை. ஊரில் ஒருமுறை, சப்பாத்தி மடிக்கும் வெள்ளித்தாளைக் காவல்வில்லையின் மேல் சுற்றி, சிக்னலை மறைத்துவிட்டு ஓர் ஆட்டம் முழுவதையும் நிம்மதியாக ஆடினாள். குட்டு வெளிப்பட்ட அன்று கோவில்பட்டியில் அவர்கள் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

இப்போது விஷயம் பெரிது. போபாலில் பள்ளி அணிகளுக்கான ஹாக்கிப் போட்டி. தாரகைக்கு அணியில் இடம் கிடைத்திருந்தது. பெற்றோர் உடன் வரக் கூடாது என்பது அணியின் விதி. வருகிறாளா இல்லையா என்று முகாம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். தாரகை தினமும் கேட்டாள். பொன்செல்வி தினமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"அந்த ஊர்ல நீ மயங்கி விழுந்தா யாருட்டி உன் வாயில இனிப்பு வைப்பா?"

கடைசி நாள் காலையில் ரியாஸ் என்ற இளம் பொறியாளர் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் சுவைப்பிகள். நாக்குக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு, இனிப்பைத் தேர்ந்தெடுக்கக் கையில் ஒரு பொத்தான் பலகை. ஜிலேபி என்று தேர்ந்தெடுத்தால் ஜிலேபியின் மொறுமொறுப்பு, சூடு, பாகு எல்லாவற்றையும் நரம்பு வழியே மூளைக்குச் சொல்லிவிடும். உள்ளே ஒரு கடுகளவு சர்க்கரைகூடப் போகாது.

முகாம் அமளிதுமளிப்பட்டது. ஒருத்தி பால்கோவா, பால்கோவா என்று கத்திக்கொண்டு வட்டமடித்தாள். ஒருவன் அல்வாவையும் ஐஸ்கிரீமையும் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டு மெய்மறந்து நின்றான். பெற்றோர் கைக்கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்கள் இம்மியும் ஏறவில்லை. ஆண்டுக்கணக்கில் தடுத்துத் தடுத்தே அலுத்துப்போன ஆட்கள்! அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"எம்மா, நீயும் போடு" என்றாள் தாரகை.

பொன்செல்வி கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பட்டறை நடத்துகிறவள். மகளுக்கு நோய் வந்த நாளிலிருந்து ஒரு துண்டை வாயில் வைத்ததில்லை. பாகின் பதத்தைத் தண்ணீரில் சொட்டுவிட்டு விரலால் உருட்டித்தான் பார்ப்பாள். கணக்குப் போட்டு இன்சுலின் எடுத்துக்கொண்டால் பிள்ளையும் சாப்பிடலாம், நீங்களும் சாப்பிடலாம் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். காதில் ஏறவில்லை. அங்கிருந்த பெற்றோரில் பாதிப் பேர் இப்படி இனிப்பை விட்டவர்கள்தான்.

"எனக்கெதுக்குட்டி?"

"எனக்காகத்தானே விட்ட? இப்ப எனக்காகச் சாப்பிடு."

அந்தப் பேச்சு எடுபட்டது. பொன்செல்வி தகட்டை நாக்குக்கு அடியில் வைத்துக் கடலைமிட்டாயை அழுத்தினாள். வறுத்த கடலை, வெல்லம், ஒரு துளி ஏலம். கண் கலங்கிவிட்டது. "பாகு ஒரு பதம் முந்திட்டு" என்று குறை சொன்னாள். சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்தினாள். அடுத்து அதிரசம், அடுத்து மைசூர்பாகு. சுற்றிலும் எல்லா அம்மா அப்பாவும் அதே வேலையாக இருந்தார்கள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்த முகாமில் அப்படி ஒரு கூத்து அதற்கு முன் நடந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் பொன்செல்வி மகளைத் திட்டத் தொடங்கினாள்.

தாரகைக்குத் திட்டு புதிதில்லை. ஆனால் அம்மாவின் திட்டில் ஓர் ஒழுங்கு இருக்கும். ஊசியில் ஆரம்பித்து, படிப்புக்குப் போய், தலைமுடியில் முடியும். இன்றைக்கு, "அந்தத் தம்பி ஏன் நீலச் சட்டை போட்டிருக்கான்? நீ ஏன் கேக்கல?" என்று கத்தினாள். நெற்றியெல்லாம் வேர்வை. கொதிக்கும் பாகை ஆடாமல் அசையாமல் ஊற்றும் கை நடுங்கியது.

இந்த எரிச்சல், இந்த வேர்வை, இந்த நடுக்கம். தாரகைக்கு இவை பழகிய ஆட்கள்.

"லோ!" என்று அலறினாள். "எம்மாவுக்கு லோ!"

சர்க்கரை இறங்கிப்போவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகள் திரும்பித் தங்கள் பெற்றோரைப் பார்த்தார்கள். ஓர் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அம்மா புல்லில் உட்கார்ந்து அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரியாஸ் கைகால் ஓடாமல் விழித்தார். பிள்ளைகள் விழிக்கவில்லை. இடுப்புப் பைகள் திறந்தன. குளுக்கோஸ் மாத்திரைகள் வெளியே வந்தன. உபரி வில்லைகள் பெற்றோரின் கைகளில் ஒட்டப்பட்டன. ஐம்பத்தைந்து! ஐம்பது! என்று மைதானம் முழுவதும் எண்கள் கேட்டன.

"கண்ண மூடாத. என்னையே பாரு. மென்னு முழுங்கு" என்றாள் தாரகை. எல்லாம் அம்மாவிடம் கற்ற வார்த்தைகள். தனக்கு எத்தனையோ முறை லோ வந்திருக்கிறது. அப்போதெல்லாம் வராத பயம் இப்போது வந்தது.

எண்கள் மெல்ல ஏறின. பொன்செல்வியின் கை நின்றது. மகளை உற்றுப் பார்த்தாள். "இப்படியாட்டி இருக்கும் உனக்கு?" என்று கேட்டுக் கட்டிக்கொண்டாள்.

முகாம் மருத்துவர் கஸ்தூரி எல்லோரையும் சோதித்துவிட்டு விளக்கினார். சுவைப்பி மூளையை அவ்வளவு அழகாக ஏமாற்றியிருந்தது. பெரிய விருந்து வருகிறது என்று நம்பிய மூளை, இன்சுலினைக் கொட்டும்படி கணையத்துக்கு உத்தரவு போட்டுவிட்டது. விருந்து வரவில்லை. இருந்த சர்க்கரையும் போயிற்று. பிள்ளைகளின் கணையம் எந்த உத்தரவையும் கேட்பதில்லை, அதனால் அவர்கள் தப்பினார்கள். நல்ல கணையம் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"எங்க லேப்ல பெரியவங்களும் போட்டுப் பார்த்தாங்க டாக்டர். யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார் ரியாஸ் பரிதாபமாக.

"எப்ப போட்டுப் பார்த்தீங்க?"

"மத்தியானம். சாப்பிட்ட பிறகு." சொல்லிவிட்டுத் திகைத்தார். "இவங்க யாரும் காலையில சாப்பிடலையா?"

பெற்றோர் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. பிள்ளைக்கு ஊசி போட்டு, ஊட்டி, எண் நிலைக்கு வந்த பிறகுதான் அவர்கள் தட்டெடுப்பார்கள். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். எண் சீக்கிரம் நிலைக்கு வருவதில்லை. கணையத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ரியாஸுக்கு, அம்மாக்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை.

அன்று பொன்செல்வி தானாகவே மகளிடம் வந்தாள். "போபாலுக்குப் போயிட்டு வா. உனக்கு ஒண்ணுன்னா நீயே பாத்துக்கிடுவ. நான்தான் கண்ணால பாத்தேனே."

தாரகை குதிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் குதிக்கவில்லை. "நான் இல்லன்னா நீ காலையில சாப்பிடுவியா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுவேன்ட்டி."

"நம்ப மாட்டேன். அந்த வில்லை உன் கையிலயே இருக்கட்டும். எண்ணு என் கைக்கடிகாரத்துக்கு வரணும். அப்பதான் போவேன்."

"எனக்கென்ன வியாதியா?"

"வியாதி இல்ல. பழக்கம் சரியில்ல."

போபாலில் முதல் ஆட்டத்தில் தாரகை இரண்டு கோல் போட்டாள். கோவில்பட்டிப் பட்டறையில் பொன்செல்வியால் அதைக் கொண்டாட முடியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எம்மா, நூத்திப்பத்துக்கு வந்துட்டு. ஏதாவது வாயில போடு."

"எனக்கு அதுதான்ட்டி சரியான அளவு! டாக்டரம்மாகிட்ட வேணா கேளு. மணியை எதுல வச்சிருக்க?"

"நூத்திருபதுல."

"எழுபதுல வைட்டி!"

"டாக்டர் சொன்னாலும் எனக்குப் பயமா இருக்குல்லா?"

பட்டறைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாகு கொதிக்கும்போது போன், கடலை வறுக்கும்போது போன், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே போன். ஆறு வயதுப் பிள்ளையாக இருந்ததிலிருந்து மகள் இதை எப்படிப் பொறுத்தாள் என்று பொன்செல்வி யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் மறுபடி போன்.

மூன்றாம் நாள் பொறுமை போயிற்று. நேராக வீட்டுக்குள் போனாள். மகளின் பழைய புத்தகப்பையின் பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். இருந்தது. எடுத்துவந்து மேற்கையில் வில்லையின் மேல் சுற்றி, ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அதன் பிறகு சத்தமே இல்லை. பாகு பதமாகத் திரண்டது. ஒரு துண்டு கடலைமிட்டாயை எடுத்து, நிஜத் துண்டுதான், வாயில் போட்டு நிம்மதியாக மென்றாள்.

போன் அடித்தது. பின்னணியில் நடுவரின் விசில் கேட்டது. தாரகை மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"எம்மா, அந்த வெள்ளித்தாள எடு."