ஏழாவது தொட்டியின் பதில்

பேனல் அறையில் அந்தச் சின்னப் பெட்டி ஒரு சுற்றுக்கு ஆறு தடவைதான் 'டிக்' என்று சொல்லவேண்டும். அன்று மதியம் ஏழு தடவை சொன்னது.

எலும்பையும் தோல் கழிவையும் வேகவைத்துப் பசை காய்ச்சுகிற தொழிற்சாலை அது. ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள்ளும் கதவு இடுக்கு வழியாகக் கொழுப்பு வெந்த வாடை நுழைந்து, சுவரில் பிசுபிசுத்து, நாக்கின் மேல் ஆடைபோலப் படியும். முப்பது வருஷமாகியும் எலக்ட்ரீஷியனுக்கு அது பழகவில்லை. துப்பித் துப்பியே தொண்டை வறண்டுபோன ஆள்.

பெட்டியை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கம்ப்யூட்டரின் பழைய ஒன்பது முள் இணைப்பை இரண்டே வயராக மாற்றித்தருகிற பெட்டி. அந்த இரண்டு வயர்தான் தொட்டி தொட்டியாகப் போகிறது. ஒன்றிலிருந்து பத்துவரை, தொட்டி இல்லாத நம்பரையும் சேர்த்து, கம்ப்யூட்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட தொட்டியின் வெப்பமானி மட்டும் தன் சூட்டைச் சொல்லும். பதில் வந்தால் ஒரு டிக். கூப்பிடாதது வாயைத் திறக்கக்கூடாது.

மானி இருப்பது ஆறு தொட்டியில். ஏழாவது விரிசல் விட்டு மூன்று மாதமாகச் சும்மா கிடக்கிறது. அதன் மானியை வெட்டி எடுத்தவரே இவர்தான். வயரையும் உருவச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கசட்டில் கைவைக்கக் குமட்டி, முனைக்கு டேப்கூடச் சுற்றாமல் அடிவண்டலுக்குள் தொங்கவிட்டு, உருவியாச்சு என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

திரையில் ஏழுக்கு நேரே முப்பத்தேழு டிகிரி.

பின்னால் வந்து நின்ற ஃபிட்டர், அவர் மனைவியின் தம்பி, எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, ஏழாம் நம்பர் உசுரோட இருக்கு போல. காய்ச்சல்கூட இல்ல."

"பல்லக் காட்டாத மாப்ளே. வயர் உள்ளயே கெடக்கு. சூப்பர்வைசர் பாக்குறதுக்குள்ள எறங்கி உருவிட்டு வந்துரு."

"உருவியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நகம் கன்றிக் கருத்திருந்தது. "போன வாரம் சுத்தியலப் போட்டு இதக் காலி பண்ணீங்க. இன்னைக்கு அந்த நாத்தத்துல எறங்கச் சொல்றீங்க. இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

சிரித்துக்கொண்டே போனான். ஏணி இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது.

அவர் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏழு டிக். மறுபடி ஏழு டிக். வாடை மாறியது. வெந்த வாடை இல்லை. நாள்பட்ட துணிக்கட்டைப் பிரித்த புண்ணின் பச்சை வாடை, இனிப்போடு. வாயில் எச்சில் ஊறியது. துப்பினார்.

ஆறு. ஏழு.

எட்டு.

எட்டுக்கு நேரேயும் முப்பத்தேழு.

எட்டாவது தொட்டியே கிடையாது.

ஓடினார். தொட்டி வாயில் ஏணி சாத்தியபடி இருந்தது. அடியில் வண்டல், பாலாடைபோல் சுருக்கமில்லாமல். அதன் மேல் காலியாக ஒரு ஜோடி பூட்ஸ், ஃபிட்டருடையது.

"மாப்ளே?"

ஏணியைப் பிடித்துக் குனிந்தார்.

"டேய், விளையாடாதடா! உங்கக்காவுக்கு நான் என்ன சொல்ல?"

வயரைப் பிடித்து இழுத்தார். கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வழுக்கிக்கொண்டு, வண்டல் நூல்நூலாக ஒழுக, ஏறி வந்தது. செம்பு தெரியவேண்டிய முனையில் இளஞ்சிவப்பாகத் தோல் முளைத்து மூடியிருந்தது. ஈரத்தோல். உள்ளே நாடி துடித்தது.

அதன் நுனியில் ஒரு நகம். கன்றிக் கருத்த நகம்.

உதறினார். விழவில்லை. உள்ளங்கையோடு ஒட்டி, மெல்ல, கதகதப்பாக, அவர் தோலும் அதன் தோலும் எது எதென்று தெரியாமல் மூடிக்கொண்டு வந்தன.

திறந்துகிடந்த பேனல் அறையில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தது. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

டிக்.