வலப்பக்கத்து வெளிச்சம்

முனகல் திக்கியது. அவள் நிமிர்ந்தாள்.

தவளைக் கண்ணிலிருந்து பிரித்த ஒற்றை விழித்திரைச் செல்லைக் கண்ணாடிக் குழாயின் நுனியில் பிடித்து, அதன் மின்னோட்டத்தை ஒலிபெருக்கியில் கேட்டபடி, உப்புக்கரைசலின் வாசனை சூழ்ந்த இருட்டறையில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அந்தச் செல் ஓயாமல் முனகும். துளி ஒளி பட்டால் திக்கும், நிறையப் பட்டால்தான் வாயடைக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சும்மாவே திக்குவதும் உண்டு. இப்போது மூச்சுக்கு ஒருமுறை.

வெளியே நண்பகல். கதவிடுக்கு, சாவித்துளை, கருவிகளின் சிவப்புப் புள்ளிகள் எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் அவளே அடைத்திருந்தாள். நேற்றும் அடைத்தாள். அப்படியும் திக்கல் மலிந்திருந்த பதிவைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் சிரித்தார்.

“மூணு வருஷமா இருட்டுல உக்காந்திருக்க. இன்னும் ஒழுங்கா இருட்டுப் பண்ணத் தெரியலையேம்மா.”

இன்றும் கதவு கசிந்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். கசிவது கதவல்ல என்று காட்டாமல் எழுவதில்லை என்று அவளும் வந்திருந்தாள்.

கறுப்பு அட்டையைச் செல்லின் இடப்பக்கம், கதவை மறைத்துப் பிடித்தாள். திக்கல் நிற்கவில்லை. வலப்பக்கம் பிடித்தாள். முனகல் சீரானது.

வலப்பக்கம் வெறும் சுவர்.

திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் கண்ணின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான். அவளுக்குத் தெரியாததா? பார்வையை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

வெளிறிய இரண்டு வட்டங்கள். ஆள் உயரத்தில்.

நேராகப் பார்த்தாள். இல்லை. தள்ளிப் பார்த்தாள். இருந்தன. கொஞ்சம் கிட்டே.

கை விளக்குப் பொத்தானுக்குப் போனது. அழுத்தினால் செல் வீண். பதிவு வீண். அவர் சிரிப்பார். கையை இழுத்துக்கொண்டாள்.

“யாரா இருந்தாலும் அங்கயே நில்லு. எனக்கு இன்னும் பத்து நிமிஷம் வேணும்.”

குரல் நடுங்கவில்லை.

அட்டையை விலக்கினாள். மூச்சுக்கு இரண்டு திக்கல். மூன்று. எண்ணினாள். ஏழு. பிறகு எண்ண முடியவில்லை.

முனகல் நின்றது.

செல் இப்படி அடங்குவது நல்ல வெளிச்சத்தில்தான். அட்டையைப் பிடித்திருந்த தன் விரல்நகங்கள் அவளுக்குத் தெரிந்தன.

நேராகப் பார்த்தாள். மறையவில்லை.

ஒரு முழத் தொலைவில் குனிந்து, குழாயின் நுனியில் இருந்ததை வட்டங்கள் இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன. பின் மெதுவாக நிமிர்ந்து, அவள் கண்ணுக்குத் திரும்பின.

அவள் இமைக்கவில்லை.