மூன்றாவது சுற்று

கண்ணாடித் தகடு எதுவும் வைக்காத மைக்ராஸ்கோப்பில் ஏதோ தெரிந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. மத்தியானத்திலிருந்து அந்தக் கருவி அவரைப் படாத பாடு படுத்தியிருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுத்தவருக்கு ஒரு வெங்காயத் தோல் தெரிய மாட்டேன் என்றது. மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய பொம்மை மாதிரியான சாமான், அதற்கு இவ்வளவு திமிர். எப்படிப் பார்த்தாலும் ஒரு சாம்பல் வட்டம், அதற்குள் நாலைந்து கறுப்புக் கோடுகள்.

"அது உங்க இமை முடிதான்ப்பா," என்றாள் மகள், கருவியோடு வந்த புத்தகத்தில் விரலை வைத்தபடி. "முதல்ல எல்லாருக்கும் அதான் தெரியுமாம். அப்புறம், பார்த்துக்கிட்டே லென்ஸைக் கீழ இறக்கக் கூடாதாம். மேலதான் தூக்கணுமாம்."

"லென்ஸைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? தள்ளு, வெளிச்சத்த மறைக்கிற."

திருகைப் பிடித்து லென்ஸை இறக்கினார். மூன்றாவது சுற்றில் லென்ஸ் இடித்து 'டிக்' என்று தகடு உடைந்தது. இன்னொன்றை வைத்தார். அதுவும் சரியாக மூன்றாவது சுற்றில் போயிற்று. பெட்டியில் இருந்ததே இரண்டு. மகள் புத்தகத்தை மூடி வைத்தாள். இடது கண் உறுத்துகிறது என்று உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

சில்லுகளை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்தார். லென்ஸை மேலே தூக்கிவிட்டு, கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்போதுதான் மறுபடி அந்தக் கோடுகள். சன்னலில் மேகம் கவிந்து அறை மங்கியிருந்தது, சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தது, விரல்களில் ஒட்டிய வெங்காய வாடை எத்தனை தடவை துடைத்தும் போகாமல் மூக்குக்கு அருகிலேயே நின்றது.

தன் இமைதானே என்று இமைத்துப் பார்த்தார். கோடுகள் அசையவில்லை.

இமைக்காமல் பார்த்தார். கோடுகள் மூடித் திறந்தன.

வரிசையின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி அவருக்குத் தெரியும். மகளின் இடது இமையில் கண்கட்டி வந்து போன இடம். அங்கே முடி முளைக்கவே இல்லை.

"அப்பா, தள்ளுங்க," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

உள்ளறை வாசற்படிவரை ஓடினார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்தியிருந்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"தலைக்கு மேல உருண்டையா கண்ணாடி மாதிரி ஏதோ நிக்குதுப்பா."

மேசைக்குத் திரும்பி ஓடிவந்து குழலுக்குள் பார்த்தார். வட்டம் முழுக்க ஒரே கண். அவர் பார்த்ததும் கண்பாப்பா சுருங்கியது. ஓரத்தில் நீர் கோத்தது.

லென்ஸைத் தூக்க வேண்டும். மேலேதான். எந்தப் பக்கம் திருப்பினால் மேலே? மத்தியானம் முழுக்கப் பிடித்திருந்த திருகு, இப்போது ஞாபகம் வரவில்லை. பயந்துபோய்க் கையை எடுத்தார்.

திருகு சுற்ற ஆரம்பித்தது.

கீழே.

இரண்டு கையாலும் பிடித்தார். வழுக்கியது. கருவியைத் தூக்கப் பார்த்தார். மேசையோடு மேசையாக இருந்தது. உருவி எடுக்கத் தகடும் இல்லை. தகட்டைப் பிடிக்கும் கவ்விகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை.

"அப்பா, கிட்ட வருதுப்பா."

ஒரு சுற்று.

"அப்பா!"

இரண்டு.

திருகு நிற்கவில்லை.