மஞ்சட்கண் செம்மறிகள்

படலையைத் திறந்துகொண்டு வந்த குணலட்சுமியின் கையில், பாதி சப்பப்பட்ட ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியரான அருந்ததியின் மேசைமீது அதனை அவர் எறியாத குறையாக வைத்தார்.

“எங்கடை பசு சப்பினது, டொக்டர். செருப்பு, சீலை, எலும்பு, எல்லாத்தையும் தின்னுது. பாலும் வத்திப்போச்சு. இதுக்குள்ளை, நான் நஞ்சு வைச்சுச் சண்முகநாதன்ரை செம்மறியளைச் சாக்காட்டிப்போட்டனாம். இண்டைக்குப் பின்னேரம் பால் சங்கத்திலை கூட்டம். என்ரை பாலை இனி எடுக்கமாட்டினமாம். பால் நிண்டால் என்ரை அடுப்பும் நிண்டுபோம்.”

“அவருக்கு உங்களிலை என்ன கோவம்?”

“சங்கத்துச் செயலாளர் அவர்தானே. மாட்டுத் தீனிலை போட எண்டு சங்கம் தாற கனியுப்புத் தூள் சரியில்லை எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேட்டனான். அதுதான் கோவம்.”

முச்சக்கரவண்டி ஓட்டுநரும், அருந்ததியின் விசாரணைகளுக்குத் தம்மைத் தாமே உதவியாளராக நியமித்துக்கொண்டவருமான ஜெரோசன் துள்ளி எழுந்தார். “நஞ்செண்டால் தண்ணித் தொட்டியிலைதான், டொக்டர். இப்பவே ஒரு போத்திலிலை அள்ளிக்கொண்டு வாறன்.”

“முதல் ஓட்டோவை எடும். தண்ணி ஓடிப்போகாது.”

அளவெட்டியில் குணலட்சுமியின் தொழுவத்தில் விலா எலும்புகள் தெரிய நின்றது பசு. அருந்ததி அதன் முதுகைத் தடவினார். பின்னர், முடிச்சிட்ட பொலித்தீன் பையிலிருந்து வெண்ணிறத் தூளில் ஒரு சிட்டிகையை நாவில் வைத்துத் துப்பினார். அதில் உவர்ப்பே இல்லை.

“இதை ஆர் கட்டினது?”

“சண்முகநாதன்தான். மூட்டையள் அவரின்ரை வீட்டுக்குத்தான் வரும். பிரிச்சுக் கட்டித் தருவார்.”

சண்முகநாதனின் வளவு அடுத்த வேலிக்கு அப்பால் இருந்தது. இறந்த மூன்று செம்மறிகளுள் ஒன்று இன்னமும் புதைக்கப்படாமல் கிடந்தது. அருந்ததி அதன் கண்மடலை நீக்கினார்; உள்ளே மஞ்சள் நிறம். கீழே கிடந்த வைக்கோலில் வெறுந்தேநீரின் நிறத்தில் சிறுநீர்க்கறை. சற்றுத் தள்ளி, அதே வளவின் தண்ணீர்த் தொட்டியருகே, இரண்டு வெள்ளாடுகள் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. வளவில் மாடு எதுவும் இல்லை.

“உவளை ஏன் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” என்றார் சண்முகநாதன். “உந்தத் தொட்டியிலைதான் உவள் நஞ்சைக் கலந்தவள்.”

“வெள்ளாடுகளுக்கு வேறை தொட்டியோ?”

“இல்லை. எல்லாத்துக்கும் உது ஒண்டுதான்.”

“செம்மறியளுக்கு என்ன தீன் போட்டனீங்கள்?”

சண்முகநாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. “அதுகள் வெளிநாட்டுச் சாதி, டொக்டர். பிள்ளையள் மாதிரிப் பாத்தனான். புண்ணாக்கு, தவிடு, அதோடை ஆடுமாட்டுக்குப் போடுற கனியுப்பும் நாள் தவறாமல் போட்டனான். மற்றது ரெண்டும் ஊர் ஆடு. வேலிக் குழை போதும்.”

அருந்ததி படலையை நோக்கி நடந்தார். ஜெரோசனுக்கோ பொறுமை இல்லை. “தொட்டித் தண்ணியை அள்ளட்டே, டொக்டர்?”

“வேண்டாம். அவர் தன்ரை வாயாலையே அள்ளித் தந்திட்டார்.”

பின்னேரம் பால் சேகரிக்கும் மண்டபத்தில் உறுப்பினர்கள் கூடினர். தீர்மானத்தை வாசிக்க எழுந்த சண்முகநாதனை அருந்ததி கையமர்த்தினார்.

“தொட்டியிலை நஞ்செண்டால், அதிலை குடிச்ச வெள்ளாடுகள் ஏன் சாகேல்லை? செம்மறியளைச் சாக்காட்டினது செம்பு. அது ஒரு நாளிலை கொல்லுற சாமான் இல்லை. கொஞ்சங் கொஞ்சமாய் ஈரலிலை சேரும். நிறைஞ்சதும் ஒரேயடியாய் இரத்தத்திலை கொட்டும். அப்பதான் கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுக்கும். அப்பிடி நாள் தவறாமல் ஊட்டக்கூடியது தீன் போட்ட கை மட்டுந்தான்.”

“நான் என்ரை ஆட்டுக்கு ஏன் நஞ்சு போடுறன்?” என்றார் சண்முகநாதன்.

“நஞ்செண்டு தெரிஞ்சு போடேல்லை. பசுவுக்கெண்டு செய்த கனியுப்பிலை செம்பு இருக்கு. பசுவுக்கு அது வேணும். செம்மறி அந்த அளவைத் தாங்காது. எங்கடை வாயிலை ஆடுமாடு ஒரே சொல். செம்மறியின்ரை ஈரலுக்கு அது ரெண்டு சொல்.”

அருந்ததி உறுப்பினர்களின் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் உயரவில்லை. ஆயினும் அதிலிருந்த சினத்தை எவரும் உணரத் தவறவில்லை. “இவரிட்டை மாடு இல்லை. அப்ப மாட்டுக் கனியுப்பு எங்கையிருந்து வந்தது? உங்கடை மூட்டையிலை இருந்து. குணலட்சுமியின்ரை பசு எலும்பைத் தேடுது. அதுக்குப் பொசுபரசுச் சத்துக் காணாது. அவவுக்குக் கிடைச்ச தூளிலை உப்புருசிகூட இல்லை. நல்லதை எடுத்துப்போட்டு இவர் கட்டித் தந்தது வெறும் சுண்ணாம்புக்கல்லு மா.”

பின்வரிசையிலிருந்த உறுப்பினர் யாகோப்பு எழுந்தார். “எங்கடை கிணத்துத் தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்பு காணாதெண்டே, செயலாளர், பையிலையும் கட்டித் தந்தனீர்? என்ரை மாடும் துணி தின்னுது. பேய் பிடிச்சிட்டுதெண்டு நூலெல்லோ கட்டினனான்.”

சிலர் சிரித்தனர், அச்சிரிப்பு உடனே அடங்கிற்று. வரிசை வரிசையாக உறுப்பினர்கள் எழுந்து நின்றனர்.

“எனக்குத் தெரியாமல் நடந்துபோச்சு,” என்றார் சண்முகநாதன். “மூண்டு செம்மறியையும் இழந்து நிக்கிறன். இதைவிட வேறை தண்டனை வேணுமே?”

குணலட்சுமி அவர் முன்னால் வந்து நின்றார்.

“ஆடு செத்தது உமக்குத் தெரியாமல். மாடு மெலிஞ்சது உமக்குத் தெரிஞ்சு.”

சண்முகநாதன் தலை குனிந்தார். அவருடைய கையிலிருந்த தீர்மானத்தை யாகோப்பு வாங்கி இரண்டாகக் கிழித்தார். குணலட்சுமி தமது பாற்கேனைத் தூக்கித் தராசில் வைத்தார். அதனைத் தடுப்பதற்கு அங்கே எவரும் இருக்கவில்லை.