பன்னிரண்டாவது ஐயம்

காலை ஒன்பது மணிக்கு முகுந்தன் அன்றைய முதல் வீட்டின் மணியை அழுத்தினான். அவன் வேலைக்கு ‘ஐயநீக்குநர்’ என்று பெயர். நினைவுகளை ‘வானகம்’ என்ற இணையச் சேமிப்பில் ஏற்றி வைக்கத் தயங்குகிறவர்களை நேரில் பார்த்து, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். மக்கள் கேட்கும் ஐயங்கள் மொத்தமே பதினொன்று. கோயம்புத்தூரில் இன்னமும் நினைவைத் தலைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், முகுந்தனை ‘வாங்க’ என்று கூப்பிட ஊரில் ஆளே இருக்காது.

கதவைத் திறந்த குழந்தைவேலு, பீளமேட்டில் மோட்டார் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். மனைவி ரங்கம்மாள் இறந்து இரண்டு வருடம். இப்போது மறதி நோய் எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் நினைவாவது தங்கட்டும் என்று டொராண்டோவிலிருந்து மகள் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருந்தாள்.

“உங்க கம்பெனிய இழுத்து மூடிட்டா எங்க நெனப்பு என்னாகுமுங்க தம்பி?”

“மூணு நாட்டுல நகல் இருக்குங்கய்யா.”

“திருப்பிக் கேட்டா?”

“கேட்ட அன்னிக்கே குடுத்துருவோமுங்க.”

பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. வானகத்தில் ஏற்றியதைத் தலை அதன்பின் சுமப்பதில்லை. லிஃப்ட் வந்த வீட்டில் யாரும் ஏறாத படிக்கட்டில் சாமான் அடுக்குவது மாதிரி, அந்த இடத்தை வேறெதாவது பிடித்துக்கொள்ளும்.

வேறு ஐயம் உண்டா என்று மூன்று முறை கேட்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு முறை இல்லை என்ற பெரியவர், மூன்றாம் முறை விண்ணப்பத்தில் ஒரு வரியை விரலால் சுட்டினார்.

“இதென்னங்க, கூட்டுன்னு போட்டிருக்குது?”

“நீங்களும் மகளும் சேர்ந்து பாத்தத ஒரே நகலா வெச்சுக்குவோம். இடம் மிச்சமுங்க.”

“அவ வருசத்துக்கு ஒரு கம்பெனி மாத்தற ஆளு. அவ வெலகிட்டா?”

பதினொன்றில் இது இல்லை. தாலி கட்டிய கையோடு தம்பதிகள் ‘கூட்டு’ என்ற கட்டத்தில் விரல் வைப்பதுதான் இப்போதைய வழக்கம். மணவறையில் உட்கார்ந்துகொண்டு யார் இதைக் கேட்பார்கள்? முகுந்தனும் கேட்கவில்லை.

“அழிஞ்சிருங்கய்யா,” என்றான். “எனக்கு அழிஞ்சு போச்சு. பத்தொம்பது வருசம். சம்சாரத்துக்கு சுபத்ரான்னு பேரு. கோர்ட்டு பேப்பர்ல இருக்குது. பிரிஞ்சதும் அவங்க கணக்க மூடிட்டாங்க.”

“போட்டோ இல்லீங்களா?”

“இருக்குதுங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்களப் பாக்கற மாதிரி இருக்குது.”

எதற்காக அழுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“தனின்னு மாத்திக்கலாமுங்கய்யா,” என்று படிவத்தைத் திருப்பினான்.

“வேண்டாமுங்க. எனக்கு மறந்தா, மறந்ததே தெரியாது. உங்களுக்கு அது தெரியுது பாருங்க.” பெரியவர் படிவத்தை மடித்து அவனிடமே நீட்டினார். “நெனப்பு இருக்கறப்பவே சொல்லிடறேன். கேக்கறீங்களா?”

அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. முகுந்தன் எழுந்திருக்கவில்லை.

ரங்கம்மாள் தூக்குப்போசியில் மதியச் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவாளாம். செம்புக் கம்பி சுற்றிச் சரிசெய்து ஓடவிட்ட மோட்டாரின் சத்தத்தை நின்று கேட்பாளாம். “இது ரெண்டு நாள் தாங்காது” என்று தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போய்விடுவாளாம். அவள் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லையாம். கோபத்தில் அவர் மூன்று நாள் பேசாமல் இருந்தபோது, நாலாம் நாள் போசியில் வெறும் ஊறுகாய் மட்டும் இருந்ததாம். பெரியவர் சிரித்தார், முகுந்தனும் சிரித்தான். பிறகு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் வானகத்தில் கணக்கு வைத்திருந்தவன் முகுந்தன் ஒருவன்தான். அதனால் அந்தக் காலைப் பொழுது அவன் கணக்கில் தனி நினைவாகப் பதிவானது. யார் விலகினாலும் இனி அழியாது.

மாலையில் அறைக்குத் திரும்பியவன், வானகத்தைத் திறந்து ‘மனைவி’ என்று தேடினான். ஒன்று இருந்தது. தூக்குப்போசியோடு ஒருத்தி மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றாள். பெரியவர் சொன்னதை அவன் மறுபடியும் முதலிலிருந்து கேட்டான்.