வியாழக்கிழமை மூச்சு

ஜோதி வந்து கதவைத் தட்டியபோது, பூவரசன் டாக்டர் ஆரோக்கியமேரியின் வீட்டில் உட்கார்ந்து அவருடைய இடதுகால் செருப்புக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் அறையில் இருபத்திரண்டு வருடமாக அவன் மாதிரி ஷூ தைக்கிறான். ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணரான டாக்டரம்மாவுக்குத் துப்பறிவதில் வலதுகை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். டாக்டரம்மா இதை மறுத்ததில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை. போன வருடம் பேரணாம்பட்டில் போலி மாத்திரை விற்றவனைப் பிடித்தபோது, குற்றவாளி ஓடிய திசைக்கு நேர் எதிர்த் திசையில் அரை கிலோமீட்டர் துரத்தியவன் பூவரசன்தான்.

ஜோதி குடியாத்தத்துப் பெண். பைபாஸ் ஓரத்திலுள்ள தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். உட்காரச் சொன்னதும் அழுதாள். தண்ணீர் கொடுத்ததும் இன்னும் ஜாஸ்தியாக அழுதாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை டாக்டரம்மா. வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க. கூட ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு நோட்டீஸ்ல இருக்கு. எனக்கு உங்களைத்தான் தெரியும்."

"எதுக்குத் தூக்கணும்?"

"மூணு மாசத்துல நாலு பொம்பளைங்க. எல்லாம் வயித்து ஆபரேஷன், மூணு மணி நேரம் மயக்கத்துல இருந்தவங்க. ஆபரேஷன் நல்லாத்தான் முடியும். ரெண்டாம் நாள் ஜுரம், மூச்சு வாங்கும். எக்ஸ்ரே எடுத்தா நுரையீரலோட அடிப்பக்கம் வெள்ளையாப் படிஞ்சிருக்கும். நாலும் வியாழக்கிழமை. நாலு வியாழக்கிழமையும் தியேட்டர் டூட்டி என்னுது. வென்டிலேட்டர்ல நான்தான் ஏதோ திருகிட்டேங்கறாங்க."

பூவரசன் ஊசியைக் கீழே வைத்தான். "நாலாவது ஆளு யாருன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லும்மா."

"உங்க அக்காதாண்ணே" என்றாள் ஜோதி, மெல்ல.

மீனாம்பாளுக்குப் பித்தப்பையில் கல். ஐந்து நாள் ஆகியும் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள். அக்காவின் நெஞ்சை இந்தக் கதிக்கு ஆளாக்கியவன் எவனோ, அவன் கையை ஒடித்து வாரில் கட்டிவிடுவதாகப் பூவரசன் சபதம் செய்திருந்தான். ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள, எலியைக் கண்டால் நாற்காலியில் ஏறும் ஆள் செய்யக்கூடிய சபதம்தான். ஆனால் அதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"அழுகையை நிறுத்திட்டு, மயக்கச் சீட்டு போன்ல இருந்தா காட்டு" என்றார் டாக்டரம்மா.

ஜோதி மயக்கச் சீட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தாள். நோயாளியின் உயரம், மெஷின் ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி காற்று ஊதியது, எவ்வளவு அழுத்தத்தில் ஊதியது, எல்லாம் அதில் உண்டு. டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நான்கையும் இரண்டு முறை பார்த்தார்.

"உயரம் 153, 153, 152, 153 சென்டிமீட்டர்" என்று வாய்விட்டுப் படித்தார். "ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே. காத்தோட அழுத்தம் நாலு பேருக்கும் முப்பதுக்கு மேல. அதே வியாழக்கிழமைகள்ல மத்தவங்களுக்கு?"

"இருபதைத் தாண்டல. அவங்களும் இந்த நாலு பேர் மாதிரி ஷூ கம்பெனி ஆளுங்கதான். வியாழக்கிழமை கம்பெனி காப்பீட்டு அட்டைக்காரங்களுக்குன்னே ஒதுக்கின நாள்."

"மெஷினை யார் செட் பண்றது?"

"டாக்டர் நவீத் சார். நான் சீட்டைப் பூர்த்தி பண்ணிக் கொடுப்பேன். அவர் கணக்குப் போட்டு நம்பர் வைப்பார்."

"அந்த நவீத் ஆளே சரியில்ல டாக்டரம்மா" என்று பூவரசன் குதித்தான். "நேத்து வார்டுல என்னைப் பார்த்ததும் மூணு தடவை கையில மருந்து ஊத்தித் தேச்சிக்கிட்டார். குத்தம் பண்ணவன்தான் அப்படிக் கழுவுவான்."

"டாக்டருங்களும் கழுவுவாங்க பூவரசா. ஹெல்மெட்டை எடு. உன் அக்காவைப் பார்க்கணும்."

பெண்கள் வார்டில் மீனாம்பாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பூவரசன் வழக்கம்போல டிபன் கேரியர், பிளாஸ்க், ஹெல்மெட் மூன்றையும் கட்டிலில் அவள் கால்மாட்டில் வரிசையாக வைத்தான்.

"இன்னாடா, என் கட்டில்ல கடை போட்ற?" என்றாள் அவள் கண்ணைத் திறக்காமலே. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "டாக்டரம்மாவையும் பேஜார் பண்ணி இட்டாந்துட்டியா?"

பக்கத்துக் கட்டிலில் உமைமா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதாக மூச்சு முட்டியவள் அவள்தான், மறுபரிசோதனைக்கு வந்திருந்தாள். இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே லைன், ஒரே வேன். பூவரசனைக் கண்டதும் சிரித்தாள்.

"வாங்கண்ணே. உங்க ராசி ஜோடியால வேலை கெடைச்சுது. அந்த ராசி ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுடுச்சி போல."

"அது என்ன ராசி ஜோடி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பூவரசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நான் தெச்ச ஷூ டாக்டரம்மா. அக்கா மொதமொதல்ல லைன் வேலைக்கு இன்டர்வியூ போனப்ப தெச்சேன். அப்புறம் தெருவுல ஒவ்வொருத்தரா இரவல் வாங்கிட்டுப் போனாங்க. அதைப் போட்டுட்டுப் போனவங்க ஒருத்தர்கூட வேலை கெடைக்காம திரும்பல. நம்ம கை அப்படி."

"இந்த நாலு பேருமே போட்டீங்களா?"

உமைமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மீனாம்பாளைப் பார்த்தாள். மீனாம்பாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவரை பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கம்மென்று ஆனது பூவரசனுக்கு ஒரு மாதிரி இருந்தது. அக்காவை யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்களோ? அவன் வாசலைப் பார்த்தான். டாக்டர் நவீத் அங்கே நின்று, கையில் மருந்து ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பூவரசனின் சட்டைப்பையிலிருந்து அவனுடைய அளவு நாடாவை உருவினார். டிபன் கேரியரைத் தரையில் இறக்கிவிட்டு, மீனாம்பாளின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். மீனாம்பாள் தயங்கித் தலையசைத்தாள். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நாடா ஓடியது. பிறகு, கேட்காமலே, உமைமா வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"கட்டில் சின்னதா டாக்டரம்மா?" என்றான் பூவரசன்.

"கட்டில் சரியாத்தான் இருக்கு. ஒரு பிளாஸ்க், ஒரு கேரியர், ஒரு ஹெல்மெட் வைக்கிற அளவுக்குச் சரியா இருக்கு." நாடாவைச் சுற்றி அவன் பையில் போட்டார். "நாளைக்கு விசாரணையில நான் சொல்லாம நீ வாயைத் திறக்கக் கூடாது. அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு."

அவன் அந்தோணியாரை அறியாதவன். அதனால் தைரியமாகச் சத்தியம் செய்தான்.

மறுநாள் பதினோரு மணிக்கு நிர்வாகி ராமமூர்த்தி ஒரு நீள மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் டாக்டர் நவீத். எதிர்ப்பக்கம் ஜோதி, டாக்டரம்மா, பூவரசன். ராமமூர்த்தியின் முன்னால் ஜோதியின் பணிநீக்கக் கடிதம் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டுக் காத்திருந்தது.

"மெஷினைப் போன மாசம்தான் சர்வீஸ் பண்ணோம், பழுதில்ல" என்றார் அவர். "மிச்சம் ஒண்ணு கம்பெனிப் பசையோட நெடி, இல்லன்னா இந்தப் பொண்ணோட கை."

"பசை நெடின்னா கம்பெனியில மத்தவங்களும் படுத்திருக்கணும். இந்தப் பொண்ணோட கைன்னா வியாழக்கிழமையில எல்லாரும் படுத்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "அதே நாள், அதே மெஷின், அதே கை. அந்த நாலு வியாழக்கிழமையும் மயக்கம் குடுத்த பதினோரு பேர்ல நாலு பேருக்கு மட்டும் கெட்டுப்போச்சு. அப்ப அந்த நாலு பேர்கிட்ட என்ன வித்தியாசம்னுதான் பார்க்கணும். நவீத், ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்துன்னு எப்படி முடிவு பண்றீங்க?"

நவீத் கையைத் தேய்த்தார். "உயரத்தை வச்சுதான் மேடம். நுரையீரல் உயரத்துக்குத் தகுந்த அளவுலதான் இருக்கும். உடம்பு பெருத்தாலும் அது பெருக்காது. எடையை வச்சு நான் எப்பவும் போடறதில்ல."

"ரொம்பச் சரி. 153-க்கு எவ்வளவு வரும்?"

"முந்நூத்து எழுபது மில்லி. அதைத்தான் வச்சேன்."

"143-க்கு?"

நவீத் மனதுக்குள் கணக்குப் போட்டார். "முந்நூறுகூட வராது."

"மீனாம்பாள் 143. உமைமா 142. நேத்து நானே அளந்தேன். மூணு மணி நேரம், ஒவ்வொரு மூச்சுக்கும் கால் பங்கு ஜாஸ்தியா ஊதியிருக்கீங்க. அதோட, மூச்சு வெளிய போனதும் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்க மெஷின்ல கொஞ்சம் அழுத்தம் உள்ளயே தங்கற மாதிரி வைக்கணும். சீட்டுல அதுவும் சைபர். பத்து வருஷம் முந்தி எல்லாரும் அப்படித்தான் விட்டோம், நானும் விட்டிருக்கேன். இப்ப விடக் கூடாது. உயரம் இருக்கிறவங்க தாங்கிட்டாங்க. இவங்களால முடியல. அழுத்தம் முப்பதைத் தாண்டினப்பவே மெஷின் உங்ககிட்ட சொல்லிச்சு."

நவீத் கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். "வயித்துல கேஸ் ஏத்தியிருக்கோம், அதனாலதான் ஏறுதுன்னு நினைச்சேன்."

இத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பூவரசனால் முடியவில்லை. "உசரத்துக்கும் மூச்சுக்கும் இன்னா சம்பந்தம் டாக்டரம்மா?"

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். கோபமில்லை. "நாலாம் நம்பர் ஷூவுக்குள்ள ஆறாம் நம்பர் அச்சுக் கட்டையை அடிச்சு ஏத்தினா என்ன ஆகும்?"

"தோல் இழுத்துக்கும். தையல் விட்டுடும். அதுக்கப்புறம் எவ்ளோ ஒட்டினாலும்..." அவன் நிறுத்தினான்.

கட்டிலின் கால்மாடு அவன் கண்முன் வந்தது. கேரியர், பிளாஸ்க், ஹெல்மெட். அத்தனைக்கும் இடம் விட்டு அக்காவின் கால் முடிந்திருந்தது. ராசி ஜோடி வந்தது. அதில் எந்த ராசியும் இல்லையென்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கம்பெனியில் நின்று வேலை செய்யும் லைனுக்கு மேஜைகள் உயரம். 152 இல்லாத பெண்ணை எடுக்கமாட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் கூலி கம்மி. அதற்காகத்தான் வெளியே இரண்டு அங்குலம், உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாமல் இரண்டு அங்குலம் வைத்துத் தைத்தான். ஷூ கம்பெனியில் அளக்கும்போது ஷூவைக் கழற்றச் சொல்கிற வழக்கம் கிடையாது. அந்த உயரம் காப்பீட்டு அட்டையில் ஏறியது. அட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தது. அட்டையிலிருந்து மெஷினுக்கு. மெஷினிலிருந்து அக்காவின் நெஞ்சுக்கு.

இத்தனை நாளாகத் தேடிய அந்தக் கை, மேஜைமேல் அவன் கண்முன்னாலேயே கிடந்தது. கட்டைவிரலில் ஊசித் தழும்போடு.

"உயரம் எங்கேர்ந்து வந்தது?" என்று ராமமூர்த்தி ஜோதியிடம் பாய்ந்தார்.

"காப்பீட்டு அட்டையிலேர்ந்து சார். அட்டையைப் பார்த்து எழுதணும்னு நீங்க ஒட்டின சுற்றறிக்கை தியேட்டர்ல இன்னும் இருக்கு."

"அப்ப அட்டையே பொய்! கம்பெனிக்கு எழுதறேன். பொய் உயரம் காட்டி வேலைக்குச் சேர்ந்திருக்காளுங்க. நாலு பேரையும்..."

பூவரசன் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. "சார், அது வந்து..."

"பூவரசா, இங்க புழுக்கமா இருக்கு. போய் ஜன்னலைத் திற."

"டாக்டரம்மா, நான்தான்..."

"ஜன்னல்."

அவன் போய் ஜன்னலைத் திறந்தான். தோல் பதனிடும் டேனரி வாடையோடு காற்று உள்ளே வந்தது. டாக்டரம்மா ராமமூர்த்தியைப் பார்த்தார்.

"கம்பெனி ஷூவோட அளக்குது. அது அவங்க வழக்கம், அவங்க மேஜைக்கு. நீங்க எழுதறதா இருந்தா தாராளமா எழுதுங்க. அப்ப நானும் எழுதுவேன். அளவு நாடா இல்லாத ஆஸ்பத்திரி, வேலைக்குச் சேர்த்த அட்டையைப் பார்த்து நுரையீரலுக்குக் காத்து ஊதிச்சுன்னு. மூணு மணி நேரம் கண்ணெதிர்ல படுத்திருந்த பொம்பளையை ஒரு ஆள்கூட அளக்கல. அந்த வேலை யாருது, கம்பெனியுதா?"

ராமமூர்த்தி பேனாவை மூடினார், திறந்தார். ஜோதியின் கடிதத்தைப் பார்த்தார்.

"தப்பு என்னுது" என்றார் நவீத். சட்டென்று, யாரும் கேட்காமல். "நான் அளந்திருக்கணும். நாலு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

பூவரசனுக்கு முதல் தடவையாக அந்தக் கைகளின்மேல் மரியாதை வந்தது.

முடிவில் ராமமூர்த்தி எழுதியது மூன்று வரி. இனி எந்த நோயாளியையும் தியேட்டரில் படுக்கவைத்து நாடாவால் அளந்த பிறகே மெஷினில் அளவு வைப்பது; ஜோதி மீது குறை இல்லை; சுற்றறிக்கை ரத்து. டைப் செய்த கடிதத்தை ஜோதியே கிழித்தாள். நான்காகக் கிழித்து, மறுபடி நான்காகக் கிழித்தாள்.

படியிறங்கும்போது பூவரசன் கேட்டான்: "எப்போ தெரிஞ்சுது டாக்டரம்மா, நான்னு?"

"153-ன்னு மூணு தடவை படிச்சப்ப ஏதோ பொய்னு தெரிஞ்சுது. உன் கேரியரைப் பார்த்தப்ப எவ்வளவு பொய்னு தெரிஞ்சுது. நீ ராசின்னு மார்தட்டினப்ப பாக்கியும் தெரிஞ்சுது. குத்தவாளியே பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ற கேஸ் எனக்கு இதுதான் முதல்."

பூவரசன் நேராக வார்டுக்குப் போய், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான்.

மீனாம்பாள் கேட்டு முடித்தாள். "எனக்கு நேத்தே தெரியும்டா. டாக்டரம்மா காதுல கேட்டாங்களே, நெஜ உசரம் தெரிஞ்சா வேலை போயிடுமான்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒம்போது வருசம் அந்த வேலையில சோறு தின்னுருக்கோம். நீ தெச்ச ஷூவுலதான் நின்னேன். ஜோடியைக் கொளுத்திட்டு வரலாம்னு இருக்கியா?"

"பின்ன?"

"லூசு. அடுத்த வாரம் எதிர் வீட்டு சஹருக்கு இன்டர்வியூ. அவளுக்கு ஒரு தோஸ்த்தும் இருக்கா, அவ என்னைவிடக் குள்ளம்."

அன்று சாயங்காலம் பூவரசன் அந்த ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு உள்ளிருந்த மறைவு அங்குலத்தின் தையலைப் பிரித்து, இரண்டு காலிலும் எழுதிய வெள்ளைத் தோல் பட்டி ஒவ்வொன்றை வைத்து மறுபடி தைத்தான். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் தையல் அவன் வாழ்நாளிலேயே நேரானது.

இடது காலில்: ‘கம்பெனிக்கு 153.’

வலது காலில்: ‘டாக்டர்கிட்ட கழட்டிட்டு நில்லு.’